அறைத்தோழரின் பட்டறைச் சத்தம், தூசி, புகை: எந்தப் பொருளுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

சென்னையில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒருவருடைய அறை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறையாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதலில் ஒரு ட்ரில்லிங் மிஷின் வரும். பிறகு 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், மரம் தேய்க்க சாண்டர், ஈயம் வைக்க சால்டரிங் அயர்ன், ராத்திரி முழுக்க ஓடும் 3டி பிரின்டர். ஹாலில் காயப்போட்ட துணியில் மரத்தூள் படியும்போதுதான் மற்றவர்கள் ஆன்லைனில் தேட ஆரம்பிக்கிறார்கள். தேடியதும் முதலில் வந்து நிற்பது கறுப்பு ஃபோம் பலகை. அதை வாங்கி ஒட்டி, சத்தம் கொஞ்சமும் குறையாமல், கடைசியில் வீட்டையே காலி செய்கிறார்கள்.

அந்தக் காசும் அந்த நட்பும் வீணாக வேண்டாம். பாதிக்கப்படுகிறவர் தன் அறைச் சுவரில் எதை ஒட்டினாலும் பெரிதாகப் பலன் இல்லை. காசு போக வேண்டிய இடங்கள் மூன்று: பட்டறை அறையின் கதவு, பட்டறை மேஜையின் கால், தூசி கிளப்பும் மிஷினின் வாய். கடையில் கிடைக்கும் பொருட்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஃபோம் பலகை: வாங்கவே வேண்டாம்

12க்கு 12 இஞ்ச் சதுரம், பிரமிடு பிரமிடாக மேற்பரப்பு, 1 அல்லது 2 இஞ்ச் கனம், கட்டுக்கு 12 துண்டு. ஒரு துண்டைக் கையில் எடுத்தாலே விஷயம் புரிந்துவிடும், எடையே இருக்காது. சத்தம் தாண்டிப் போகாமல் தடுப்பது எடைதான். ஒரு தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது பொதுவான கணக்கு. ஃபோம் செய்வது வேறு வேலை. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். குரல் பதிவு செய்கிறவருக்கு அது தேவை. பக்கத்து அறையில் தலையணையால் காதை மூடிப் படுத்திருப்பவருக்கு அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை தீ. இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் ஃபோம். பற்றினால் மளமளவென்று எரியும், எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு கலந்த நச்சுப்புகை வரும். கிரைண்டரில் இரும்பு அறுக்கும்போது பொறி சில அடி தூரம் பறந்து போய் விழுகிறது. கிரைண்டர் இருக்கும் அறைச் சுவரில் ஃபோம் ஒட்டுவது நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கோல் அடுக்குவது போலத்தான். முட்டை அட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். போதாததற்கு, இரட்டைப்பக்க டேப்பைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து உரியும். காலி செய்யும் நாளில் அது அட்வான்ஸில் கழியும்.

கதவு: காசுக்கு அதிகப் பலன் இங்கேதான்

வாடகை வீட்டுப் படுக்கையறைக் கதவு பெரும்பாலும் 3 அடி அகலம், 7 அடி உயரம், 30 மி.மீ. கனமுள்ள ஃப்ளஷ் டோர். அதன் அடியில் தரைக்கும் கதவுக்கும் நடுவே 10 மி.மீ. சந்து இருக்கும். கதவின் மொத்தப் பரப்பில் அது அரை சதவீதம் கூட இல்லை. ஆனால் அந்தச் சந்து திறந்திருக்கும் வரை, கதவு தேக்கானாலும் இரும்பானாலும் 23 டெசிபலுக்கு மேல் தடுக்க வழியே இல்லை. பக்கவாட்டில் 3 மி.மீ. இடைவெளியும் நேராகத் திறந்திருந்தால் இந்த உச்சவரம்பு 19க்கு இறங்கிவிடும். தண்ணீர்த் தொட்டியின் ஓட்டையை அடைக்காமல் சுவரைத் தடிப்பாக்கினால் என்ன பயனோ, அதே பயன்தான் சந்தை விட்டுவிட்டுக் கதவைக் கனமாக்குவதிலும்.

சந்தை அடைக்க நான்கு வகைப் பொருள் விற்கிறார்கள்.

துணி உறைக்குள் இரண்டு ஃபோம் உருளை வைத்து, கதவுக்கு அடியில் செருகுவது மலிவு. பூச்சி வராது, தூசி ஓரளவு நிற்கும். உருளை எடையில்லாதது, தரையோடு அழுந்தி உட்காராது, அதனால் சத்தத்துக்கு உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி ஒரு மாதத்தில் நாற்றமும் எடுக்கும்.

ஒட்டும் சிலிக்கான் பட்டை அடுத்தது. பொருள் நன்றாகத்தான் இருக்கும், தோற்பது அதன் பசை. பெயின்ட் மேல் தூசி இருக்கும்போதே ஒட்டிவிடுவதும், ஒட்டிய அன்றே கதவைத் திறந்து மூடுவதும்தான் காரணம். கதவின் அடிப்பகுதியைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி அழுத்தி, ஒரு நாள் கதவை அசைக்காமல் விட்டால் பட்டை நிலைக்கும்.

மூன்றாவது, அலுமினியப் பட்டியில் ரப்பர் நாக்கு வைத்து ஸ்க்ரூ போடும் வகை. வாங்க வேண்டியது இதைத்தான். பிரஷ் வைத்ததும் இதே அச்சில் வரும். அதை எடுக்காதீர்கள், இழைகளுக்கு நடுவே சத்தம் தாராளமாகப் புகுந்து வரும். மாட்டும் முறை: கதவை மூடி, பட்டறை அறையின் உட்பக்கமிருந்து சந்தை இரண்டு முனையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். பழைய மொசைக் தரையில் மூன்று இடத்திலும் மூன்று அளவு வரும். பட்டியைக் கதவின் அகலத்தை விட 2 மி.மீ. குறைவாக அறுத்து, ரப்பர் நாக்கு தரையை லேசாக மடங்கித் தொடும் உயரத்தில் பென்சில் கோடு போட்டு, நான்கு இடத்தில் 12 மி.மீ. ஸ்க்ரூ. கனம் 30 மி.மீ. என்பதால் மறுபக்கம் துளைக்காது. ரப்பரை அதிகமாக அழுத்தி வைத்தால் கதவு இழுக்கும், ஒரே மாதத்தில் நாக்கு கிழியும். மிகப் பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் பொருளின் தரமல்ல, இந்த உயரம் தவறியதுதான்.

நான்காவது, கதவு மூடும்போது தானாக இறங்கும் சீல். நான்கிலும் சிறந்தது இதுதான். ஆனால் கதவின் அடியில் காடி எடுக்க வேண்டிய மாடல்கள் அதிகம். வாடகை வீட்டுக்குப் பொருந்தாது.

பக்கச் சந்துக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் கேஸ்கெட். 9 மி.மீ. அகலத்தில் ஒட்டும் சுருளாக வரும். 2 முதல் 3.5 மி.மீ. வரையான இடைவெளிக்கு ஆங்கில 'E' எழுத்து வடிவம், 3 முதல் 5 மி.மீ. வரை 'P' வடிவம். கதவில் ஒட்டக் கூடாது. நிலையில் கதவு வந்து உட்காரும் படியில் ஒட்ட வேண்டும். சாதா ஸ்பாஞ்ச் டேப்பையும் இதே பெயர் சொல்லி விற்கிறார்கள். விரலால் அமுக்கி விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வருவது ரப்பர், பள்ளம் அப்படியே நிற்பது ஸ்பாஞ்ச்.

ஒட்டி முடித்ததும் சோதிக்க இரண்டு வழி. ராத்திரி பட்டறை அறையில் மட்டும் விளக்கைப் போட்டு, ஹாலை இருட்டாக்கிக் கதவைச் சுற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே சத்தமும் வருகிறது. பிறகு ஒரு நியூஸ்பேப்பர் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து இழுபட்டால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் தொடவில்லை. கேஸ்கெட் போட்ட பிறகு தாழ்ப்பாள் விழாமல் முரண்டு பிடிக்கலாம். நிலையில் இருக்கும் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தினால் சரியாகிவிடும்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். கிரைண்டர் சத்தம் பிடித்திருப்பவர் காதருகே 90 டெசிபலைத் தாண்டும். நன்றாக அடைத்த ஃப்ளஷ் டோர் 25 முதல் 30 டெசிபல் வரைதான் தடுக்கும். மிச்சம் 60க்கு மேல் ஹாலுக்கு வரும். சத்தக் கட்டுப்பாட்டு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குச் சொல்லும் அளவு காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், அதன் பிறகு 45. ஆக, ட்ரில், சாண்டர், பேச்சு, பாட்டு எல்லாவற்றுக்கும் கதவு சீல் தெளிவாக வித்தியாசம் காட்டும்; கிரைண்டருக்கு மட்டும் போதாது. அதைப் பகலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதே நியாயம். மாடிக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு விடாமல் முழுக்கப் பிரித்துப் போட வேண்டும், சுருட்டிய வயர் சூடாகி உருகும். ஒன்றிரண்டு கம்பி அறுக்க கிரைண்டரே தேவையில்லை. ஹேக்ஸா பிளேடில் இஞ்சுக்கு 18 பல் போதும், மெல்லிய பைப்புக்கு 24 பல்.

மேஜைக் கால்: தொழுவ மேட்டும் கடப்பா கல்லும்

கதவை அடைத்த பிறகும் 'டொக் டொக்' என்ற சத்தம் மட்டும் குறையாமல் இருந்தால், அது காற்றில் வரவில்லை, தரை வழியாக வருகிறது. பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் சுத்தியல் படும்போது மேஜைக் கால் வழியாக அதிர்வு கான்கிரீட்டுக்கு இறங்கி, கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் முழங்கும். வீட்டு ஓனருக்கு முதல் போன் போவது அங்கிருந்துதான்.

வாஷிங் மெஷின் காலுக்கு என்று விற்கும் வட்ட ரப்பர் பேடுகள் இதற்குச் சிறியவை. கனத்தைத் தாங்க முடியாமல் முழுக்க நசுங்கினால் ரப்பர் கல்லுக்குச் சமம். கொஞ்சம் கூட அமுங்காவிட்டாலும் பயனில்லை. பாரம் ஏற்றியதும் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அமுங்குவதுதான் சரியான பேடு.

நல்ல தேர்வு எதிர்பாராத கடையில் இருக்கிறது: மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட். 15 முதல் 17 மி.மீ. கனம், ஒரு விரிப்பே ஏறக்குறைய மேஜையின் அளவுக்கு வரும், ஒருவர் தூக்கினால் திணறும் எடை. அதே கனத்தில் ஜிம் மேட் என்று விற்பதை விடப் பெரும்பாலும் மலிவு. குறை, ரப்பர் வாடை. வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் ஒரு வாரமாவது காயப்போட வேண்டும். அதை விரித்து, மேல் ஒரு 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் மேஜை. பிளைவுட் இல்லாமல் நேராக வைத்தால் மேஜைக் கால் நான்கு புள்ளியில் மட்டும் ரப்பரைக் குத்தி நசுக்கும். மேஜையைச் சுவரிலிருந்து 2 இஞ்ச் தள்ளிப் போடவும் மறக்காதீர்கள். ஒரு மூலை சுவரைத் தொட்டாலும் இத்தனை வேலையும் வீண்.

3டி பிரின்டருக்கு வழி இன்னும் எளிது. 2க்கு 2 அடி கடப்பா கல் ஒன்று, முக்கால் இஞ்ச் கனத்தில் கிட்டத்தட்ட 18 கிலோ வரும். அடியில் 1 இஞ்ச் மெத்தை ஃபோம், அதன் மேல் கல், கல் மேல் பிரின்டர். கல்லின் கனம் பிரின்டரின் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், ஃபோம் மிச்ச அதிர்வை மேஜைக்கு விடாது. மேஜை முழுக்க ரீங்கரித்த சத்தம் போய் ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சும். கல்லின் விளிம்பைக் கடையிலேயே மழுக்கி வாங்குங்கள், கை கிழிக்கும்.

தூசி: பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்

மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. எம்.டி.எஃப். பலகையில் ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். தெரியாத நுண்தூசிதான் மணிக்கணக்கில் மிதந்து ஹாலுக்கு வந்து, ஏ.சி.யின் ஃபில்டரில் மாவு போலப் படிகிறது. சாண்டரோடு வரும் துணிப்பை கரடான தூளை மட்டும் பிடிக்கும், நுண்தூசியைத் துணி வழியாக ஊதிவிடும்.

இதற்கு 15 முதல் 20 லிட்டர் வெட் அண்ட் டிரை வாக்யூம் கிளீனர் வாங்கலாம், 1200 வாட் போதும். வாங்கும்போது மோட்டார் வாட்டை விட இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறதா. கிடைக்காத மாடல் ஒரு வருடத்தில் மூலைக்குப் போகும். நுண்தூசியையும் பிடிக்கும் தரமான ஹெச்13 ஹெப்பா என்று எழுதியிருந்தால் நல்லது. இரண்டு, ஹோஸின் வாயும் சாண்டரின் வாயும் பொருந்துகிறதா. பொருந்தவில்லையென்றால் ரப்பர் அடாப்டர் வாங்க வேண்டும். டேப் சுற்றிச் சமாளித்தால் அதிர்வில் கழன்று தூள் முழுக்க அறைக்குள் கொட்டும்.

ஃபில்டர் சீக்கிரம் அடைபடுவதுதான் இந்த மிஷின்களின் பொதுக் குறை. தீர்வு, சைக்ளோன் என்ற புனல். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் ஓட்டை போட்டு இதைப் பொருத்தினால், தூளில் பெரும்பகுதி சுழன்று வாளிக்குள் விழும், வாக்யூமுக்கு மிகக் கொஞ்சமே போகும். ஹோஸ் வாய் அடைத்தால் உறிஞ்சும் வேகத்தில் வாளி 'டப்' என்று உள்வாங்கி நசுங்கும். இரண்டு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுவிட்டால் தாங்கும். இந்தப் பட்டியலில் மனதார, தயங்காமல் பரிந்துரைக்கிற பொருள் இந்தப் புனல்.

கிரைண்டர் பொறியை மட்டும் இந்த வாக்யூமால் உறிஞ்சவே கூடாது. சிவந்த இரும்புத் துகள் மரத்தூளுக்குள் புதைந்து, மணிக்கணக்கில் கனன்று, எல்லோரும் தூங்கிய பிறகு பற்றும். வார்னிஷ், லின்சீட் எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். பால்கனிக் கம்பியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

சாண்டர் ஓடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சாண்டரும் வாக்யூமும் சேர்ந்தால் 1600 வாட், கிட்டத்தட்ட 7 ஆம்பியர். 6 ஆம்பியர் ப்ளக்கில் மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் ஓட்டினால் ப்ளக் கருகும். 16 ஆம்பியர் பாயின்ட், 1.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயர் கட்டாயம்.

புகை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஈயப் புகைக்கு என்று விற்கும் சின்ன கரி ஸ்பாஞ்ச் ஃபேன், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் வேலை செய்பவர் முகத்திலிருந்து புகையை இழுக்கும். வாடையைக் கொஞ்சம் குறைக்கும், புகையை அதே அறைக்குள் திருப்பி விடும். அந்தப் புகை ஈயமல்ல, ஈயம் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின், ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. ஈயம் கைவழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, அதனால் எல்லோரும் சாப்பிடும் மேஜையில் சால்டரிங் கூடவே கூடாது.

உருப்படியான வழி, ஜன்னலில் பிளைவுட் துண்டு வைத்து 4 இஞ்ச் குழாயோடு வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். மாட்டும்போது காற்றின் திசையைக் கவனியுங்கள். உள்ளே தள்ளும்படி மாட்டிவிட்டால் அறையின் வாடை மொத்தமும் கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வரும். கதவை சீல் செய்த அறையில் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும், இன்னொரு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும்.

திரவ ரெசினைக் கெட்டியாக்கி அச்சடிக்கும் 3டி பிரின்டர் பகிர்ந்த வீட்டுக்கு ஏற்றதல்ல. கழுவிய திரவத்தைப் பொது சிங்க்கில் ஊற்றும் அறைத்தோழரிடம் இதைக் கறாராகவே சொல்ல வேண்டும். மிச்ச ரெசினை வெயிலில் கெட்டியாக்கிய பிறகுதான் குப்பையில் போடலாம்.

கரண்ட் பில்

ப்ளக்கில் செருகும் மின்மீட்டர் சண்டையைத் தவிர்க்கும் மலிவான பொருள். 16 ஆம்பியர் வகையாகப் பாருங்கள். சத்தம் போடும் மிஷின்தான் கரண்ட் தின்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 700 வாட் கிரைண்டர் தினம் கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 10 யூனிட் சொச்சம். சராசரியாக 110 வாட் இழுக்கும் பிரின்டர் தினம் 10 மணி நேரம் ஓடினால் 66 யூனிட். இரண்டு மாத அளவீட்டில் 500 யூனிட் தாண்டினால் தமிழ்நாட்டில் ஸ்லாப் விலையே மாறிவிடும் என்பதால், தாண்டவைத்த யூனிட்டுகள் யாருடையவை என்று மீட்டர் காட்டினால் பங்கு பிரிக்கப் பேச்சே வேண்டாம்.

போன் ஆப் சத்தமானியின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஆனால் சீல் போடும் முன்னும் பின்னும் அதே போனை, அதே இடத்தில், கதவிலிருந்து 1 மீட்டரில் வைத்து அளந்தால் வித்தியாசம் சரியாகத்தான் வரும். அந்த எண்ணைக் காட்டிப் பேசுங்கள். "மச்சான், உன் மிஷினை நிறுத்தச் சொல்லல, ஒன்பது மணிக்கு மேல சாண்டர் வேண்டாம், பிரின்டர் ஓடட்டும்" என்று எந்த மிஷின், எத்தனை மணி என்று குறிப்பிட்டுச் சொன்னால் கேட்பார்கள். வாடகைச் சட்டம் இங்கே எல்லோரையும் சேர்த்தே பாதிக்கும்: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர் குத்தகைதாரர் சட்டத்தில், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருந்தால் நோட்டீஸும் மூவருக்கும்தான்.

செலவைப் பிரிக்கும்போது வாக்யூம், புனல், எக்ஸாஸ்ட், மேட் நான்கும் பட்டறைக்காரர் கணக்கு, போகும்போது அவரே எடுத்துப்போகலாம். கதவு சீலும் கேஸ்கெட்டும் எல்லோருக்கும் பொது. காலி செய்யும்போது கேஸ்கெட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி ஒரு முனையிலிருந்து மெதுவாக உரித்தால் பெயின்ட் தப்பிக்கும். நான்கு ஸ்க்ரூ ஓட்டைக்கு மரப் புட்டி வைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள்.